ஊமத்தையின் திருகாணி

மகனுக்கு,

உன் கலியாணக் காட் போன கிழமை வந்து சேர்ந்தது. தடித்த தாள், ஓரமெல்லாம் பொன் கோடு, நடுவில் உன் பெயரும் அந்தப் பிள்ளையின் பெயரும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அதை மேசையில் வைத்துவிட்டு மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தபோது போனில் உன் குரலும் வந்தது. நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், அம்மா கூட்டிக் குறைத்துச் சொல்கிறா என்று நாளைக்கு நீ சொல்லக் கூடாது. "அம்மா, வாழ்த்துச் சொல்லி ஒரு ரெக்கோட் அனுப்புங்க. விருந்து நேரம் அத நம்மட ஊமத்தைக்குள்ளால போடப்போறன். வந்த சனம் முழுக்க அம்மாட குரல அதுக்குள்ளால கேக்கும்." அதோடு நிறுத்தியிருந்தால் நானும் ஏதோ இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பியிருப்பேனோ என்னவோ. நீ குரலைத் தாழ்த்தி, "அண்டைக்கு வீடியோ கோல் எடுக்கக்குள்ள மாமி பக்கத்தில வராமப் பாத்துக்கொள்ளுங்க" என்றும் சொன்னாய்.

நான் எதையும் பதிவுசெய்து அனுப்பப் போவதில்லை. அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். கலியாணம் கட்டப் போகும் பிள்ளைக்குத் தாய் நாலு புத்தி சொல்வது வழக்கம். நானும் சொல்லுவேன், ஆனால் அது இனிப்பாக வராது. இதைப் பகிரங்கமாக எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. நீ எங்கள் வீட்டுக் கதையை ஊர் உலகம் முழுக்கக் கேட்கும்படி வீடியோவில் சொன்னாய். அந்தக் கதையில் பிழை இருக்கிறது. ஊருக்கு முன்னால் சொன்ன பிழையை ஊருக்கு முன்னால்தான் திருத்த வேண்டும். பிள்ளைகளின் கொப்பியைத் திருத்தித் திருத்தியே முடி நரைத்தவள் நான், எனக்கு வேறு வழி தெரியாது.

ஊமத்தை என்றால் என்னவென்று உனக்குத் தெரியும், இதை வாசிக்கும் மற்றவர்களுக்குத் தெரியாது. அது ஒரு பழைய ஒலிபெருக்கி. றேடியோ முதன்முதல் வந்த காலத்தில், கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், இருந்த ஒரு வெள்ளைக்கார உத்தியோகத்தர் ஊர் திரும்பும்போது உன் பூட்டனிடம் விட்டுச் சென்றது. கறுப்பு நிறத்தில், கழுத்து வளைந்து, வாய் அகன்று, கவிழாமல் நிமிர்ந்து நிற்கும் பெரிய ஊமத்தம் பூவைப் போல இருக்கும். அதனால்தான் அந்தப் பெயர். அடியில் உள்ள கிண்ணத்துக்குள் ஒரு காந்தம், அதற்கு எதிரே மெல்லிய இரும்புத் தகடு. இரண்டுக்கும் இடையில் தாள் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி. அந்த இடைவெளியைக் கூட்டவும் குறைக்கவும் கிண்ணத்தின் பக்கத்தில் ஒரு திருகாணி. தகட்டைக் காந்தத்துக்குக் கிட்டக் கொண்டுபோனால் சத்தம் பெரிதாகும். இன்னும் கிட்டப் போனால் தகடு காந்தத்தில் ஒட்டிக்கொண்டு எல்லாம் அடங்கிப் போகும். தூர விட்டால் குரல் இனிமையாக, ஆனால் மெலிந்து, அடுத்த வீட்டில் யாரோ பேசுவது போலக் கேட்கும். மாரி காலத்தில் ஓர் இடம், வறண்ட கச்சான் காற்று அடிக்கும்போது வேறோர் இடம் என்று அதன் சரியான இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஒருநாள் வைத்தபடி மறுநாள் இருக்காது.

இப்போது உன் மாமியைப் பற்றிச் சொல்கிறேன். உன் அப்பாவின் அக்கா, எமிலியா மாமி. மட்டக்களப்பு ரவுனில் போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியரின் தெருக்களில் எந்த வீட்டிலும் கேட்டுப் பார், அவர் தைத்த சட்டையைப் போட்டுக் கலியாணம் கட்டாத பெண் குறைவு. நீ நடக்கத் தொடங்கிய வயதில், நான் பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு காலையில், நீ அழுது அடம்பிடித்ததால் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு மாமி சந்தைக்குப் பொத்தான் வாங்கப் போனார். அங்கே முதலில் ஒரு சின்ன வெடிச் சத்தம் கேட்டிருக்கிறது. சனம் சிதறி ஓடியது. மாமி உன்னோடு ஒரு மரக்கறிக் கடையின் பலகைக்குக் கீழே குந்திக்கொண்டார். அதன் பிறகுதான் பெரியது வெடித்தது. அந்தக் கடைக்காரப் பெண் பிறகு என்னிடம் வந்து சொன்னதை நான் இன்றுவரை உனக்குச் சொல்லவில்லை. மாமி சொல்ல வேண்டாம் என்றார், நானும் சொல்லாமல் இருந்தேன். இனி இருக்க மாட்டேன். "அந்தப் பறங்கி அக்கா தன்ட காதப் பொத்தல்ல, ரீச்சர். புள்ளைட ஒரு காத நெஞ்சோட சேத்து அமத்தி, மத்தக் காத உள்ளங்கையால பொத்திக்கொண்டிருந்தா" என்று அவள் சொன்னாள். உனக்கு ஒரு கீறலும் இல்லை. மாமிக்கு ஒரு காது அன்றோடு போயிற்று. மற்றது இருந்தும் இல்லாதது போல ஆயிற்று.

உனக்கு அந்தக் குண்டுவெடிப்பு தெரியும், நீயும் அங்கே இருந்தாய் என்பதும் தெரியும். யாருடைய கை எங்கே இருந்தது என்பதுதான் தெரியாது. உன் வீடியோவில் நீ உன் காதைத் தொட்டுக்காட்டி, இந்தச் செவிக் கூர்மை எனக்குப் பிறவியிலேயே கிடைத்தது என்று சொன்னாயே, அந்த இடத்தில்தான் எனக்கு நெஞ்சு எரிந்தது. பிறவியில் கிடைத்தது உண்மையாகவே இருக்கட்டும். அது உன்னிடம் மிச்சம் இருப்பதற்கு ஒரு மனுசி காரணம்.

அதன் பிறகு மாமி ஆஸ்பத்திரியில் கொடுத்த கருவியைப் போட்டுப் பார்த்தார். அது கீச்சிட்டது. சட்டி பானைச் சத்தமும் காகத்தின் சத்தமும் ஆள் பேசுவதும் எல்லாம் ஒன்றாகத் தலைக்குள் கொட்டுவதாகச் சொல்லி அழுதார். தையல் எடுத்துக்கொண்டு வருபவர்களிடம் அளவு கேட்கவும் கூச்சப்பட்டு, முன் அறைக்கு வராமல் இருந்தார். உன் அப்பா மின்சார வேலை செய்தவர் என்பதால் வீட்டில் எந்நேரமும் வயரும் பல்பும் கிடக்கும். ஒரு நத்தார்ப் பண்டிகைக் காலத்தில், வீட்டுக்கு வந்தவர்களுக்கு வேடிக்கை காட்டவென்று, மூலையில் தூசு பிடித்துக் கிடந்த ஊமத்தையை றேடியோவில் கொழுவினார். உள்ளே துணி மினுக்கிக்கொண்டிருந்த மாமி அயன்பெட்டியை வைத்துவிட்டு வெளியே வந்து, "யாரோ பேசுறாங்க என்ன" என்றார். செய்தி போய்க்கொண்டிருந்தது. ஊமத்தையின் வாய்க்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, வாசிப்பவர் சொல்லச் சொல்ல மாமியும் ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொன்னார். நாங்கள் கேக் தட்டுகளை வைத்துவிட்டு அவரைச் சுற்றி வந்து நின்றோம்.

பேச்சுக்குத் தேவையான நடுச் சத்தத்தை மட்டும்தான் அந்தப் பழைய சாமான் எடுத்துக் கொடுக்கும், மேலே உள்ளதும் கீழே உள்ளதும் அதற்குள்ளால் வராது, மாமியின் காதில் மிஞ்சியிருப்பதும் அந்த நடுத் துண்டுதான் என்று உன் அப்பா விளங்கப்படுத்தினார். அந்த விளக்கம் எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் அப்பா செய்த அடுத்த வேலை நன்றாகப் புரிந்தது. ஒரு சின்ன அம்பிளிபயரும் ஒரு மைக்கும் பிடித்து வந்து, சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் மைக்கையும் மறு முனையில் மாமியின் பக்கமாக ஊமத்தையையும் வைத்துப் பூட்டினார். அன்று தொடக்கம் மாமியோடு பேச வேண்டுமென்றால் நாங்கள் மைக்குக்கு முன்னால் போய் இருந்து பேசுவோம். ஊமத்தையின் அசல் திருகாணி தலை உடைந்து கிடந்தது. குறட்டால் பிடித்துத் திருகினால் ஒன்றில் தகடு ஒட்டிக்கொள்ளும், இல்லாவிட்டால் தூரப் போய்விடும். மாமி பழுதாய்க் கிடந்த தையல் மெசினிலிருந்து நூல் இறுக்கும் வட்டத் திருகைக் கழற்றி, உள் துளையை அரத்தால் ராவி, அதன் சுருள் கம்பியையும் சேர்த்து ஊமத்தையில் பொருத்தினார். அந்த வட்டத்தில் சுற்றிவர இலக்கம் இருந்தது. சுருள் கம்பி பிடித்துக்கொள்வதால் விட்ட இடத்தில் நிற்கும். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தன் காதுக்குத் தானே பார்த்துச் செய்துகொண்டது அது.

நீ வளர்ந்ததெல்லாம் அந்த மேசையில்தான். பள்ளிக்கூடப் பாடத்தை மைக்குக்கு முன்னால் நின்று வாசிப்பாய். நீ வாயை மென்று பேசினால் மாமி ஒரு கையால் ஊமத்தையின் கழுத்தைத் தொட்டுக்கொண்டு, மறு கையால் வட்டத்தைக் கொஞ்சம் திருப்பி, "இன்னொருக்கா சொல்லு மனே" என்பார். நீ வகுப்பில் பேச்சுப் போட்டிகளில் முதலாவதாக வந்ததற்கு நான் காரணம் என்று ஊர் நினைத்தது, ரீச்சரின் பிள்ளையல்லவா. உன் நாக்கைத் திருத்தியது மாமியின் காது. அப்பா காலமான பிறகு, நீயும் கொழும்புக்கும் பிறகு மெல்பேர்னுக்கும் போன பிறகு, நாங்கள் இரண்டு பேரும் அந்த மேசையின் இரண்டு பக்கமும் இருந்துதான் நாளைப் போக்கினோம். சாமான் விலை, தெருவில் நடந்தது, உன்னைப் பற்றிய கவலை, எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் வந்த சண்டைகள் எல்லாம் அந்த மைக்குக்குள்ளால்தான் போயின. ஒருநாள் எனக்குக் கோபம் வந்து மைக்கை நிறுத்திவிட்டுப் பேசினேன். மாமி கோபப்படாமல் தன் காதைத் தொட்டுக் காட்டி, "இப்ப நீ உனக்குத்தான் சொல்லுற" என்றார். பிறகு நான் அப்படிச் செய்ததில்லை.

நீ விடுமுறைக்கு வந்தபோது ஊமத்தையைத் தூக்கிப் புரட்டிப் பார்த்தாய். நீ அங்கே பழைய ஒலிபெருக்கிகளைத் திருத்தி வீடியோவில் காட்டுபவனாகப் பெயர் எடுத்திருந்தாய். உள்ளே தகடு துருப்பிடிக்கிறது, இப்படியே விட்டால் கொஞ்சக் காலத்தில் ஓட்டை விழும், நான் கொண்டுபோய்ப் புதுத் தகடு போட்டு மூன்று மாதத்தில் கொண்டுவந்து தருகிறேன் என்று மைக்குக்கு முன்னால் இருந்து மாமியிடம் சொன்னாய். நீ சொன்னது பொய் இல்லை, துரு இருந்தது. மாமி ஊமத்தையைத் தானே பழைய சீலையால் சுற்றி உன் பெட்டிக்குள் வைத்தார். அதற்கு மாற்றாக நீ ஒரு புதுக் கருவியைக் கொடுத்துவிட்டுப் போனாய். காதுக்குள் மறையும் அளவு சின்னது, நல்லது, உன் உழைப்பில் வாங்கியது. அதில் திருக ஒன்றும் இல்லை. எல்லாம் உன் போனிலிருந்து நீ மெல்பேர்னில் இருந்துகொண்டே கூட்டுவாய், குறைப்பாய்.

முதல் மாதம் நீயும் அக்கறையாகத்தான் இருந்தாய். மாமிக்கு எப்படிக் கேட்கிறது என்று நான் கேட்டுச் சொல்ல, நீ அங்கிருந்து மாற்றுவாய். பிறகு உனக்கு வேலை. கச்சான் தொடங்கியதும் ஜன்னலுக்குள்ளால் காற்று வந்து காதுக்குள் ஊளையிடுகிறது என்று மாமி சொன்னார். நான் உனக்கு அறிவித்தேன். நீ பார்க்கிறேன் என்றாய். நீ பார்க்கும்வரை மாமி அந்த ஊளையோடு இருந்தார். கழற்றிவிடுங்கள் என்று நான் கையால் காட்டினேன். "அவன் இப்ப சரியாக்குவான்" என்று சொல்லிக்கொண்டு கழற்றாமல் இருந்தார். நீ மறுநாள்தான் பார்த்தாய், அப்போது காற்று அடங்கிவிட்டது, நீ மாற்றியதால் மனிதக் குரலும் சேர்ந்து அடங்கிவிட்டது. இப்படிப் பல தடவை. கடைசியில் ஒருநாள் மாமி அதைப் பெட்டியில் போட்டு மூடி, தையல் மெசினின் லாச்சியை இழுத்து அதற்குள் வைத்தார். பழகினால் சரிவரும், மாமி பழகிறா இல்லை என்று நீ சொன்னாய். மூன்று மாதம் ஒரு வருடமாயிற்று, பிறகு அதைத் தாண்டியும் போயிற்று. ஊமத்தை எப்போது வரும் என்று கேட்டால் தகடு வரவில்லை என்பாய், பிறகு அனுப்பினால் வழியில் நசுங்கிவிடும் என்பாய், பிறகு நானே கொண்டுவருகிறேன் என்பாய். மாமி ஒருதரமும் கேட்கச் சொல்லவில்லை. எல்லாத் தரமும் நானாகத்தான் கேட்டேன்.

அதற்குப் பிறகுதான் அடுத்த வீட்டு ஷாமினி, வங்கியில் வேலை செய்கிற பிள்ளை, ஒரு பௌர்ணமிப் போயா லீவு நாள் காலையில் சந்தோசமாக ஓடி வந்தாள். "அன்ரி, உங்கட மகன்ட வீடியோவ எத்தின பேர் பாத்திருக்காங்க தெரியுமா" என்று போனை மேசையில் சாய்த்து வைத்தாள். மாமியையும் கூப்பிட்டு நடுவில் இருத்தினோம். ஊமத்தை மினுமினுவென்று இருந்தது. நீ அதன் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டு பேசினாய். மாமியின் வட்டத் திருகைக் கழற்றி இரண்டு விரலில் பிடித்து, யாரோ கைக்கு வந்ததைக் கொண்டு ஒட்டுப்போட்டு இதைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள் என்று சொல்லி, குப்பைக் கூடைக்குள் போட்டாய். அது விழுந்த சத்தம்கூடக் கேட்டது. இங்கிலாந்திலிருந்து எடுப்பித்த அசல் பித்தளைத் திருகாணியைப் பூட்டி, பாட்டுப் போட்டுக் காட்டினாய். அழகாகத்தான் இருந்தது. மாமிக்குக் கேட்காத தூரத்தில் அந்தத் தகட்டை நிறுத்தியிருந்தாய்.

எனக்கும் ஷாமினிக்கும் காதால் கேட்டது. மாமி கீழே ஓடிய ஆங்கில எழுத்தை வாசித்துக்கொண்டிருந்தார். கொன்வென்றில் படித்தவர், இன்றைக்கும் என்னைவிட வேகமாக வாசிப்பார். இந்த ஒலிபெருக்கி என் காலஞ்சென்ற மாமியுடையது, அவர் நினைவாக இதை மீட்டெடுத்தேன் என்று நீ சொன்ன இடத்தில், ஷாமினி போனை எடுக்கக் கையை நீட்டினாள். மாமி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, திரும்பப் போடும்படி விரலால் சுற்றிக் காட்டினார். திரும்பப் போட்டாள். மாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த வரியை இன்னொரு முறை வாசித்தார். பிறகு என்னைப் பார்த்து, "நான் எப்ப புள்ள செத்தன்?" என்று கேட்டார்.

கேலியாகக் கேட்கவில்லை. கோபமாகவும் கேட்கவில்லை. தனக்குச் சொல்லாமல் வீட்டில் ஏதோ நடந்துவிட்டது போலக் கேட்டார். பதில் சொல்ல என்னிடம் மைக் இருந்தது, மறு முனையில் ஊமத்தை இல்லை. நான் இல்லையென்று தலையை ஆட்டினேன், அவ்வளவுதான் முடிந்தது. அவர் எழும்பிப் போய் அன்றைக்கு வாங்கி வைத்திருந்த இறாலை உரிக்கத் தொடங்கினார். ஷாமினி என் தோளில் முகத்தை வைத்து அழுதாள், அவளுக்கும் இந்த வீட்டுக்கும் ஒரு இரத்த உறவும் கிடையாது.

உயிரோடு இருக்கும் ஆளைச் செத்த ஆளாக்குவது என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும், மகன். உன் அப்பாவைக் கட்டுவேன் என்று நான் நின்றபோது, கொக்கட்டிச்சோலையில் என் தகப்பனார், பறங்கியனோடு போகிறவள் எனக்கு மகளில்லை என்று சொல்லி, செத்தவீட்டுக்குச் செய்வது போலக் கிணற்றடியில் தலைமுழுகினார். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. நான் ஒரு பையோடு மண்முனையில் பாதைப் படகில் ஏறி வாவியைக் கடந்து இந்த வீட்டு வாசலுக்கு வந்தேன். உன் அப்பாவின் தாயும் என்னை உள்ளே கூப்பிட யோசித்துக்கொண்டு நின்றார். எமிலியா மாமிதான் வந்து என் பையை வாங்கிக்கொண்டு, "சாப்பிட்டயா" என்று கேட்டார். எனக்குத் தலைமுழுகியவர் முகத்துக்கு முன்னால் முழுகினார். நீ அதையும் செய்யவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் நின்று, சிரித்த முகத்தோடு, ஊருக்குக் காட்டிச் செய்தாய்.

அன்று பின்னேரமே உனக்குக் கோல் எடுத்தேன். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "அம்மா, அது கதைக்காகச் சொன்னது. உயிரோட இருக்கிற ஆளுட சாமானக் கொண்டுவந்தன் எண்டா, சனம் ஏன் திருப்பிக் குடுக்கல்ல எண்டு கேக்கும்" என்றாய். கேட்கட்டுமே, நானும் அதைத்தான் கேட்கிறேன் என்றேன். "உங்களுக்கு இது விளங்காது" என்று வைத்துவிட்டாய். விளங்கியது. ஒரு கேள்விக்குப் பதில் சொல்லக் கஷ்டமாக இருந்ததால் ஒரு மனுசியைச் சாகடித்தாய். பிறகு நீ கட்டப் போகும் அந்தப் பிள்ளை உன் வீடியோவைப் பார்த்து உருகி உனக்கு எழுதியதும், அவளுடைய தகப்பனுக்கும் அந்தக் கதை பிடித்துப் போனதும், அப்படியே கலியாணம் பேசியதும் நீ சந்தோசமாக எனக்குச் சொன்னவைதான். செத்த மாமியின் நினைவைப் பாதுகாக்கும் பிள்ளை என்றுதான் அந்தக் குடும்பம் உனக்குப் பெண் தருகிறது.

நாங்கள் சும்மா இருக்கவுமில்லை. ஷாமினி ஒரு றேடியோக் கடைக்காரரைக் கூட்டிவந்தாள். அவர் கோயில் திருவிழாவுக்குக் கட்டும் ஸ்பீக்கர் ஒன்றை மைக்கோடு பூட்டிப் பார்த்தார். அது அதட்டியது, மாமி காதைப் பொத்திக்கொண்டார். சின்னது ஒன்று வைத்தார், அது முணுமுணுத்தது. இரண்டுக்கும் நடுவில் நிறுத்த அவற்றில் வழியில்லை. அவர் நல்ல மனிதர், மூன்று தரம் வந்தார், பிறகு அவருக்கே வெட்கமாகிவிட்டது. மாமிக்குத் தன் குரலும் கேட்பதில்லை என்பதால் கொஞ்சக் காலம் மிகவும் சத்தமாகப் பேசினார். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பதைக் கவனித்ததும் அதையும் குறைத்துக்கொண்டார். இப்போது ஒரு நாளில் அவர் வாயிலிருந்து வருவது சில சொற்கள்தான். நான் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறேன். எழுதிக் காட்டுவது தேவைக்குப் போதும். சும்மா பேசிக்கொண்டிருக்கக் காணாது. உப்புக் கூடிப்போயிற்று என்று எழுதலாம். உப்புக் கூடிப்போனதைச் சொல்லத் தொடங்கி எங்கேயோ போய் முடியுமே, அதை எழுத முடியாது.

இனிப் புத்தி. நீ ஒருத்தியோடு வாழப் போகிறாய். அவளுக்கு எது சரியாக இருக்கிறது என்பது அவளுக்குத்தான் தெரியும். உனக்கு அது ஒட்டுப்போட்டது போலத் தெரியும், அழகில்லாமல் தெரியும், உன்னுடைய அறிவுக்குப் பிழையாகவும் தெரியும். கேட்காமல் கழற்றாதே. அவளுடைய வாழ்க்கையைக் கூட்டுவதும் குறைப்பதும் உன் கையில் இருக்கும்படி எதையும் அமைக்காதே, அன்பினால் என்றாலும் அமைக்காதே. நீ தூங்கிக்கொண்டிருக்கும் நேரத்திலும் அவள் வாழ வேண்டும். கெட்டிக்காரர்களுக்கு அன்பாக இருப்பது கஷ்டம் என்பதை நான் உன்னிடம்தான் கண்டேன். நீ நல்ல எண்ணத்தோடு தொடங்குகிறாய், பிறகு உன் வேலை உனக்கே அழகாகத் தெரியத் தொடங்கிவிடுகிறது, அதற்குப் பிறகு அது யாருக்காகச் செய்தது என்பது உனக்கு மறந்து போகிறது.

அந்தப் பிள்ளையோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை. உன் படங்களில் அவள் முகம் நேராக இருக்கிறது. அதனால்தான் பயமாகவும் இருக்கிறது. இதை வாசித்து அவள் உன்னை வேண்டாம் என்றால் என்ன செய்வாய் என்று நான் யோசிக்காமல் இருக்கவில்லை. பெற்ற பிள்ளையின் கலியாணத்தைத் தாயே குழப்பினாள் என்று இங்கேயும் சொல்வார்கள், அங்கேயும் சொல்வார்கள். சொல்லட்டும். பொய்யை நம்பி ஒருத்தி உன் வீட்டுக்குள் வருவதைவிட, இப்போதே தெரிந்துகொண்டு வரட்டும், அல்லது வராமல் இருக்கட்டும்.

ஆனாலும் நீ என் பிள்ளை. அதனால் இதை முதலில் உனக்கு மட்டும் அனுப்புகிறேன். ஷாமினி இதைத் தட்டச்சுச் செய்து வைத்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வரும்வரை ஊர் வாசிக்கப் போடாமல் அவள் பொறுத்திருப்பாள். அதற்குள் அந்தப் பிள்ளையிடமும் அவளுடைய தாய் தகப்பனிடமும் போய், என் மாமி உயிரோடு இருக்கிறா, நான் பொய் சொன்னேன் என்று உன் வாயால் சொல். சொன்னாய் என்று அந்தப் பிள்ளையே எனக்கு அறிவித்தால் போதும், இந்தக் கடிதம் உன்னோடும் என்னோடும் நின்றுவிடும். ஊமத்தையை நீ அனுப்புவதும் அனுப்பாததும் அதற்குப் பிறகு உள்ள கதை. இதை உன்னைத் தவிர வேறு யாராவது வாசித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால், நீ சொல்லவில்லை என்று அர்த்தம்.

எழுதி முடித்ததும் மாமியிடம் வாசிக்கக் கொடுத்தேன். அவரைப் பற்றி எழுதிவிட்டு அவருக்குக் காட்டாமல் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. ஜன்னலடியில் கதிரையைப் போட்டு, ஒரு தாள் விடாமல் வாசித்தார். சந்தையில் நடந்ததைச் சொன்ன பகுதியில் விரலை வைத்து, "இத எடு" என்றார். மாட்டேன் என்று தலையாட்டினேன். இந்த வீட்டுக்கு வந்த நாள் தொடக்கம் அவர் கேட்டு நான் மறுத்தது இதுதான் முதல் தடவை. அவர் தாளைத் திருப்பித் தந்தார். கடைசிப் பக்கத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் அவரும் கையெழுத்து வைக்க வேண்டும் என்று பேனையை நீட்டினேன். அவர் பேனையை வாங்கி, மூடியைப் போட்டு மூடி, மேசையில் வைத்தார்.

"செத்த ஆக்கள் கையெழுத்து வைக்கிறல்ல, புள்ள" என்றார்.

அதனால் நான் மட்டும்தான் வைக்கிறேன்.

அம்மா